தாத்தாவின் செருப்பு

அம்மா காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் பக்கத்தில் சிப்பிச் சாமான் கடை. இருபத்திரண்டு வருஷமாக நின்றே வியாபாரம் பார்த்த கால்.

செங்கல்பட்டில் எலும்பு டாக்டர் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "மெத்தை தேஞ்சிடுச்சும்மா. எலும்பு நேரா தரையில நிக்குது." குதிகால் எலும்புக்கு அடியில் கிட்டத்தட்ட 2 செ.மீ. தடிமனுக்குக் கொழுப்பு உண்டு. நார்ச்சுவர் போட்டுத் தடுத்த சின்னச் சின்ன அறைகளுக்குள் அடைத்துவைத்த கொழுப்பு. வயசாக ஆக அது மெலியும். எம்.சி.ஆர். செருப்பு போடச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள், "அந்தச் செருப்பு மட்டும் வாணாம்டி. ஊசி எதுனா இருந்தா பாரு."

இருந்தது. கன்னத்துக்கும் உதட்டுக்கும் போடுகிற அதே ஃபில்லர், ஹைலூரானிக் அமில ஜெல். ஓ.எம்.ஆரில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் பாதத்துக்கும் போடுவதாகச் சொன்னார்கள். ஒரு மி.லி. சிரிஞ்ச் 22 ஆயிரம், காலுக்கு இரண்டு, கரைந்ததும் மறுபடி. இ.எம்.ஐ. வரைக்கும் கணக்குப் போட்டுவிட்டேன். யோசனை ஒன்றும் புதிதில்லை. அமெரிக்காவில் சால் பால்கின் என்ற பாத மருத்துவர் 1960களிலேயே பாதத்தில் திரவ சிலிக்கான் செலுத்த ஆரம்பித்தவர். ஆனால் அதே நாட்டு எஃப்.டி.ஏ., பாதத்தை நிரப்ப ஃபில்லருக்கு அனுமதி தரவில்லை. இதை கிளினிக்கில் யாரும் சொல்லவில்லை, நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

"செருப்புல அப்படி என்னம்மா இருக்கு?"

அன்றைக்கு ராத்திரிதான் சொன்னாள். தாத்தா திருமணி ஆஸ்பத்திரியில் இருந்தவர். பெருவியாதி. அந்தக் கறுப்பு ரப்பர் செருப்பைப் பார்த்தே ஊரில் ஆளை அடையாளம் கண்டுகொள்வார்களாம். அம்மாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் திண்ணையோரம் கிடந்த செருப்பைப் பார்த்துவிட்டு காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்களாம். எனக்கு இதுவரை தாத்தாவுக்கு 'சுகர்' என்றுதான் தெரியும்.

திருமணியில் இன்றைக்கும் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அது லேடி வில்லிங்டன் சானடோரியமாக இருந்தபோது, 1947இல், அதைப் பார்க்க வந்தவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர், வேலூரில் சர்ஜன். நோயாளிகளின் கால் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் புண்ணின் மேலேயே நடந்து நடந்து தேய்க்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னவர். வேலூரில் அவரும் கூட இருந்தவர்களும் அலைந்து திரிந்து கண்ட வழிகளில் ஒன்றுதான் இந்த மெத்து ரப்பர், மைக்ரோசெல்லுலர் ரப்பர், எம்.சி.ஆர்.

தாத்தாவுக்கு ஆணி குத்தினாலும் தெரியாது. அம்மாவுக்கு ஒரு சின்னக் கல் போதும். ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றேதான்: ஒரே இடத்தில் விழும் பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடுவது. ஊசி உள்ளே இருந்து செய்யப் பார்ப்பதும் அதைத்தான், வெளியே தெரியாமல். அம்மாவுக்கு அந்த 'தெரியாமல்'தான் முக்கியம். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மெரூன் வார் வைத்த ஜோடி ஒன்று கிடைத்தது, வாங்கி வந்தேன். ரெண்டு நாள் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது. இப்போது பைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய், கடை மேஜைக்குப் பின்னால் நின்று மாட்டிக்கொள்கிறாள். சாயங்காலம் கழற்றி மறுபடி பைக்குள். வலி பாதி குறைந்திருக்கிறதாம்.

"ஊசிய விட்டுட்டேன்னு நெனைக்காத," என்றாள் நேற்று. "தீபாவளி யாவாரம் முடியட்டும், கேப்பேன்."