பாங்க் ஷாட்டும் அப்பாவின் கேரம் கணக்கும்

பூல் ஆடறவங்களை ரெண்டு ரகமா பிரிச்சிடலாம். பந்துக்கும் குழிக்கும் நடுவுல நேர் வழி இருந்தா மட்டும் அடிக்கிறவங்க ஒரு ரகம். வழி இல்லேன்னா குஷன்ல மோதவிட்டு எதிர்ப்பக்கம் இருக்கற குழியில போடறவங்க இன்னொரு ரகம். முதல் ரகத்துலேர்ந்து ரெண்டாவதுக்குத் தாவ நான் ஒரு குளிர்காலம் முழுக்கப் பாடுபட்ட கதை இது. பூல் தெரியாதவங்க ஓடிடாதீங்க. கேரம் ஆடியிருந்தா போதும் :-)

மொதல்ல பேர் விவரம். குழியில விழவேண்டிய வண்ணப் பந்து குஷன்ல மோதிட்டுப் போய் விழுந்தா அது பாங்க் ஷாட். வெள்ளைப் பந்து மொதல்ல குஷன்ல மோதி, அப்புறமா வண்ணப் பந்தைத் தொட்டா அது கிக் ஷாட். 1995-ல ரீனோ நகரத்துல எர்ல் ஸ்ட்ரிக்லண்டோட ஆடும்போது, பிலிப்பைன்ஸ்காரர் எஃப்ரன் ரேயஸ் ரெண்டு குஷன்ல மோதவிட்டு, மறைஞ்சிருந்த பந்தைக் குழியில போட்டாரு. இன்னிக்கும் அதை 'இசட் ஷாட்'னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாங்க. அவருக்குப் பட்டப்பேரே மந்திரவாதிதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். டேபிளோட ஓரக்கட்டையில 18 புள்ளி இருக்கும். டைமண்ட்னு பேரு. அழகுக்கு வச்சிருக்காங்கன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். அது ஒரு அளவுகோல். எட்டடி டேபிள்ல ஆடற இடம் 88 அங்குல நீளம், 44 அங்குல அகலம். நீளம் அகலத்தைப் போல சரியா ரெண்டு மடங்கு. அதனால புள்ளிகளுக்கு நடுவுல எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளிதான்.

உதாரணத்துக்கு, நம்ம பக்கத்து நீளக் குஷனை ஒட்டி ஒரு பந்து, அதே பக்கம் இருக்கற நடுக்குழியிலேர்ந்து ரெண்டு டைமண்ட் தள்ளி நிக்குதுன்னு வச்சுக்கங்க. எதிர்க் குஷன்ல பாதி தூரத்துல, அதாவது ஒரு டைமண்ட் தள்ளி மோதவிட்டா, திரும்பி வந்து நடுக்குழியில விழணும். கண்ணாடியில வெளிச்சம் திரும்பற அதே கணக்கு. எட்டாங்கிளாஸ் பாடம்.

ஆனா விழாது! ஏன்னா குஷன் கண்ணாடி இல்லை, ரப்பர். ஓங்கி அடிச்சா ரப்பர் நல்லா அமுங்கி பந்தை நேராத் திருப்பி விட்டுடும், அதனால குழிக்கு முன்னாடியே வந்து முட்டும். மெதுவா அடிச்சா பந்து உருண்டுகிட்டே போய், மோதின பிறகும் அந்த உருளல் இழுத்துட்டுப் போகும், குழியைத் தாண்டிடும். இது பத்தாதுன்னு, வெள்ளைப் பந்துல இடப்பக்கச் சுழற்சி குடுத்தா வண்ணப் பந்துல கொஞ்சம் வலப்பக்கச் சுழற்சி ஒட்டிக்கும், ரெண்டு பல்சக்கரம் மாதிரி. இந்தச் சமாசாரத்தையெல்லாம் 1835-லயே ஒருத்தர் தனி புத்தகமா எழுதி வச்சிட்டாரு. காற்றும் கடலும் திரும்பறதுக்குப் பாடப்புத்தகத்துல பேர் வருமே, அதே கொரியோலிஸ்தான்!

நான் பழகினது நியூஜெர்சியில எங்க அபார்ட்மெண்ட் கிளப்ஹவுஸ்ல. அந்த வருஷம் அப்பா கூட இருந்தாரு. அம்மா போய் ஆறு மாசம் ஆகியிருந்துச்சு. பெரம்பூர் வீட்ல தனியா இருக்க வேண்டாம்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன். வெளியில பனி, கார் ஓட்டத் தெரியாது, டிவி பிடிக்கல. நாள் முழுக்க ஜன்னலோரம் உக்காந்திருப்பாரு. என்ன கேட்டாலும் "ம்", "சரிப்பா". அவ்ளோதான். சாயங்காலம் கிளப்ஹவுஸுக்குக் கூப்பிட்டா வந்து சோபாவுல உக்காந்து என் ஆட்டத்தைப் பாத்துட்டிருப்பாரு.

பத்து நாள் கழிச்சு வாயைத் திறந்தாரு. "ஏண்டா, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வேகத்துல அடிக்கிறே. அப்புறம் எப்படிக் கணக்கு நிக்கும்?"

அப்பா அந்தக் காலத்துல தெரு மன்றத்துல கேரம் ஆடினவரு. மரிய இருதயத்துக்கு 1996-ல அர்ஜுனா விருது குடுத்தப்போ, தனக்கே குடுத்த மாதிரி தெருவுக்கே டீ வாங்கிக் குடுத்தவரு. ரீபவுண்ட் அவருக்குக் கைவந்த கலை. குச்சியைக் கையில குடுத்தேன். முதல் பந்து குழியைத் தாண்டிப் போச்சு. முகத்தைச் சுளிச்சாரு.

"கேரம்ல காய் வழுக்கிட்டுப் போகும், இது உருளுதுடா. அதான். பரவால்ல, வேகத்தைத் தொடாதே. மோதற இடத்தை மட்டும் மாத்து."

மேல சொன்ன ரப்பர், உருளல் எல்லாத்துக்கும் இந்த ஒரு வரிதான் விடை. நடுத்தரமா ஒரு வேகம். எப்பவும் அதே வேகம். கண்ணாடிக் கணக்குப்படி ஒரு இடம் குறிச்சு அடி. தாண்டிப் போனா குறியை விரலளவு கிட்டத்துல வை, பத்தலைன்னா விரலளவு தள்ளி வை. ஒரு நோட்டுப் புத்தகத்துல அப்பா எழுதிக்கிட்டே வந்தாரு. பிப்ரவரி கடைசியில பத்துக்கு ஆறு விழ ஆரம்பிச்சுது.

நடுநடுவே பேச்சும் வந்துச்சு. குச்சி முனைக்கு சாக்பீஸ் தேய்ச்சுக்கிட்டே, டேபிளைப் பாத்தபடி ஒருநாள் சொன்னாரு: "அவ இல்லாம கேஸ் அடுப்பைப் பத்தவைக்கவே கை வரலடா." வீட்டு டைனிங் டேபிள்ல எதிரெதிரா உக்காந்து இதை அவர் சொல்லியிருக்க மாட்டாரு, நானும் கேட்டிருக்க மாட்டேன். "உங்க ஷாட்டுப்பா"ன்னு மட்டும் சொன்னேன். அடிச்சாரு. விழுந்துச்சு.

ட்ரிக் ஷாட்டும் பழகினோம். 'பட்டர்ஃப்ளை'ன்னு ஒண்ணு, ஒரே அடியில ஆறு பந்து ஆறு குழியில. பாக்கத்தான் மாயம். ஒட்டி நிக்கற ரெண்டு பந்துல முன்னாடி இருக்கறது, ரெண்டோட நடுப்புள்ளியையும் சேர்க்கற கோட்டுலதான் ஏறக்குறையக் கிளம்பும். அதனால வித்தை அடியில இல்லை, அடுக்கறதுல இருக்கு. மயிரிழை இடைவெளி விட்டாலும் போச்சு. அப்பா குனிஞ்சு ஒத்தைக் கண்ணால பாத்துப் பாத்து அடுக்குவாரு. ஆறும் விழுந்த அன்னிக்கு அங்கிருந்த பசங்க கைதட்டினாங்க. அப்பா சிரிச்சாரு. அம்மா போனப்புறம் அவர் சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்.

இங்கயே இருந்துடுவாருன்னு ஒரு ஆசை வந்துச்சு எனக்கு. ஏப்ரல்ல அவரே பேச்சை எடுத்தாரு. "டிக்கெட் போட்டுடுப்பா. அடுப்பு பத்தவைக்க நான்தானே பழகணும்." தடுக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஜன்னலோரம் உக்காந்திருந்த மனுஷன் சொல்லியிருந்தா தடுத்திருப்பேன். இவரைத் தடுக்கத் தோணல.

இப்போ ஞாயித்துக்கிழமை போன்ல சாம்பார் வச்ச கதையெல்லாம் சொல்றாரு. போன வாரம் டேபிளுக்குப் புதுத் துணி மாத்தினாங்கன்னு சொன்னேன். "அப்போ பந்து வேற மாதிரி திரும்புமே, பழைய நோட்டு உதவாது"ன்னாரு. ஆமாப்பா, முதல்லேர்ந்து எழுதணும். புது நோட்டு வாங்கி வச்சிருக்கேன்.