லிட்டில் சைகானில் நகத்துக்கு ஒரு பூச்சு

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து தெற்கே, டிராஃபிக் வழிவிட்டால் முக்கால் மணி நேரத்தில் வெஸ்ட்மின்ஸ்டர். போல்சா அவென்யூவில் திரும்பியதுமே கடைப் பலகைகள் வியட்நாமிய மொழிக்கு மாறிவிடுகின்றன. ஃபோ சூப் கடை, நகைக்கடை, மருந்துக்கடை. 1987-ல் திறந்த ஏஷியன் கார்டன் மால் வாசலில் அதிர்ஷ்டம், செல்வம், ஆயுள் மூன்றுக்கும் ஆளுக்கொரு தெய்வம் சிலையாக நிற்கிறது. இதுதான் லிட்டில் சைகான்.

அமெரிக்காவில் நெயில் சலூன் என்றாலே வியட்நாமியப் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அதன் தொடக்கம் சுவாரஸ்யமானது. 1975-ல் சைகான் வீழ்ந்தபின் அகதிகளாக வந்த பெண்களைப் பார்க்க, சாக்ரமென்டோ அருகே இருந்த முகாமுக்குப் போனார் நடிகை டிப்பி ஹெட்ரன். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' நாயகி. பெண்களின் கண்ணெல்லாம் அவர் நகத்தின் மேல்! தன் நகக்கலைஞரையே வரவழைத்து, இருபது பேருக்குத் தொழில் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். அதிகம் இங்கிலீஷ் தேவைப்படாத வேலை. அக்காளிடமிருந்து தங்கைக்கு, தங்கையிடமிருந்து நாத்தனாருக்கு என்று பரவிவிட்டது.

எனக்கு அங்கே வேலை வந்தது அண்ணன் மகன் கல்யாணத்தால். அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறேன். அங்கே போய்ப் பத்தாம் நாள் தென்காசியில் முகூர்த்தம். "ஒரு மாசம் நிக்கிற மாதிரி போட்டுக்கோம்மா" என்றாள் மகள்.

ஒரு மாதம் நிற்பதும் இருக்கிறது. சாதாரண பாலிஷ் ஒரு வாரம் தாக்குப் பிடித்தாலே பெரிது. ஜெல் பாலிஷை விளக்கொளியில் இறுக வைப்பதால் இரண்டு வாரம் பளபளக்கும். நகத்தில் பசை தடவி, வண்ணப் பொடியில் விரலை முக்கி எடுப்பது டிப் பவுடர். மூன்று, நான்கு வாரம் வரும். எல்லோரும் ஒரே டப்பாவில் விரலை விடாமல், பொடியைத் தூவிவிடச் சொல்வது நல்லது. பொடியும் திரவமும் குழைத்து நகத்தை நீட்டுவது அக்ரிலிக். உறுதிதான், ஆனால் இரண்டு, மூன்று வாரத்துக்கொரு முறை அடிப்பக்க இடைவெளியை நிரப்பியாக வேண்டும். நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வளர்கிறதே! எந்தப் பூச்சானாலும் அடியில் வெறும் நகம் எட்டிப் பார்க்கத்தான் செய்யும்.

அதனால் எத்தனை நாள் நிற்கும் என்பதைவிட, எப்படிக் கழற்றுவது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். மகளை விட்டுக் கேட்டேன். ஜெல்லென்றால் அசிட்டோன் பஞ்சு வைத்து, அலுமினியத் தாளைச் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம். பிய்த்து இழுத்தால் நகத்தின் மேல்படலமும் கூடவே வந்துவிடும் என்றார் அந்த அம்மா. அசிட்டோனில் கரையாமல், மூக்கைத் துளைக்கும் நெடியோடு, மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எம்.எம்.ஏ. என்ற ரசாயனமாக இருக்கலாம். 1970-களிலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதன்மேல் நடவடிக்கை எடுத்தது.

தென்காசியில் அசிட்டோன் கிடைக்கும். அக்ரிலிக்கைப் பதமாக ராவி எடுக்கத் தெரிந்தவரைக் கல்யாண வீட்டில் எங்கே தேடுவது? ஜெல்லே போதும் என்றேன். நிறம் அடர் அரக்கு. கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு வெளிர் நிறத்தில் மஞ்சள் கறை ஏறிவிடும்.

விளக்கில் கையை வைக்குமுன் புறங்கையில் சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டேன். புற ஊதாக் கதிருக்காகத் தோல் மருத்துவர்கள் சொல்வது. இறுகாத ஜெல் தோலில் படாமல் அந்த அம்மா கவனமாகப் பூசினார். பட்டால் சிலருக்கு அலர்ஜி வரும், வந்தால் ஆயுசுக்கும் போகாது. பல் அடைக்கும் பொருளிலும் இந்த ரசாயனக் குடும்பம் உண்டு என்பதால் பிறகு பல் டாக்டரிடமும் சிக்கல். வீட்டிலேயே ஜெல் செட் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கூலிக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் இங்கே வழக்கம். கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். ஜெல்லில் காயக் காத்திருக்கும் வேலையில்லை. பக்கத்துக் கடையில் நம் ஃபில்டர் போலவே சொட்டுச் சொட்டாக இறங்கிய டிகாக்‌ஷனில், கண்டென்ஸ்டு மில்க்கும் ஐஸும் போட்ட வியட்நாம் காபியைத் தைரியமாகக் கையில் பிடித்துக் குடித்தேன்.