அட்லான்டிக்கில் ஒரு பட்டு வேட்டி!

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நான் என்ன உடுத்தணும்னு கப்பல்காரன் சொல்லுவானா? அப்படின்னா நான் வரலைம்மா. நீங்க போயிட்டு வாங்க!"

லண்டனில் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு அப்பா இப்படிச் சொன்னபோது, டிக்கெட்டுக்குப் பணம் கட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது.

நான் லண்டனில், தங்கை நியூஜெர்சியில். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும் அம்மாவையும் அவள் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். விமானத்தில் ஏறினால் அம்மாவுக்குக் காது அடைத்து, இரண்டு நாள் தலை கிறுகிறுக்கும். "அப்ப கப்பல்லயே போயிடலாமே!" என்று யோசனை சொன்னவர் என் கணவர். சவுத்தாம்ப்டனில் ஏறினால் ஏழு இரவுகளில் நியூயார்க். கப்பலின் பெயர் குயின் மேரி 2. 345 மீட்டர் நீளம். 2004-ல் இருந்து அட்லான்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்துகொண்டிருக்கிறது.

கப்பல் என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவரே அப்பாதான். எங்கள் தாத்தா பதினேழு வயதில் சென்னையிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலில் போனவர். டெக் பயணி. அறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. திறந்த தளத்தில் பாயை விரித்துக்கொள்ள வேண்டியதுதான். ராத்திரி ஆனால் மேல்தளத்திலிருந்து பியானோ சத்தம் கேட்குமாம். கோட் போட்ட துரைமார்கள் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்களாம். தாத்தா சொல்லி அப்பாவும், அப்பா சொல்லி நாங்களும் நூறு தடவை கேட்ட கதை அது.

அப்படிப்பட்டவர்தான் இப்போது வரமாட்டேன் என்கிறார். காரணம், பயண நிறுவனத்திலிருந்து வந்த மின்னஞ்சல். அதில் 'மாலை நேர உடை' என்று ஒரு பக்கம்.

வேப்பமரத்தடியில் ஒரு மாலை

அப்பாவின் கோபத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அவர் தலைமை ஆசிரியராக இருந்த காலத்தில், உடன் வேலை பார்த்தவரின் மகனுக்குச் சென்னையில் ஒரு கிளப்பில் வரவேற்பு. அப்பா வழக்கம்போல வெள்ளை வேட்டி, சட்டை. வாசலில் நின்றவர் கையை நீட்டி மறித்திருக்கிறார். "வேட்டிக்கு அனுமதி இல்லை சார்."

உள்ளே தகவல் சொல்லி நண்பரை அழைத்திருக்கலாம். அப்பா அதைச் செய்யவில்லை. எதிரே இருந்த வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கையில் கொண்டுபோன பரிசுப் பொட்டலத்தோடு ராத்திரி பஸ்ஸில் திரும்பிவிட்டார். அம்மா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

2014-ல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டியிருந்ததால் சென்னையில் ஒரு கிளப்பில் அனுமதிக்கவில்லை என்று பெரிய செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அன்று அப்பா அந்தச் செய்தியைக் கத்தரித்து டைரியில் ஒட்டி வைத்தார். அடுத்த மாதமே, இப்படித் தடுத்தால் உரிமம் ரத்து, சிறைத் தண்டனை, அபராதம் என்று தமிழக சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. அன்றைக்கு வீட்டில் பாயசம்!

இத்தனையும் தெரிந்திருந்தும், மின்னஞ்சலின் முதல் பாதியைப் படித்துக் காட்டியது என் தப்பு.

"அப்பா, நீங்க கேட்டது பாதிதான். இதையும் கேளுங்க" என்று மீதியை வாசித்தேன்.

விஷயம் இவ்வளவுதான். பகலில் யார் எதை உடுத்தினாலும் கேள்வி இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் இரண்டு வகை. சாதாரண மாலைகளில் 'ஸ்மார்ட்' உடை. ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, நல்ல பேன்ட், விரும்பினால் மேலே ஒரு பிளேசர். பெண்களுக்கு நல்ல டிரெஸ், அல்லது பிளவுஸும் பாவாடை, பேன்ட்டும். கிழிசல் ஜீன்ஸும் கையில்லாத பனியனும் கூடாது. எங்கள் ஏழு இரவுகளில் இரண்டு மட்டும் 'கேலா ஈவினிங்'. அன்று ஆண்களுக்கு டக்ஸிடோ, அல்லது டையோடு கறுப்பு சூட். பெண்களுக்கு நீண்ட கவுன் அல்லது அது மாதிரியான விசேஷ உடை. அதற்குக் கீழேதான் அந்த வரி இருந்தது. அவரவர் நாட்டின் பாரம்பரிய விசேஷ உடையிலும் வரலாம்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைக் கையில் வாங்கி, அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "எழுத்துல எல்லாரும் நல்லாத்தான் எழுதுவாங்க. வாசல்ல வந்து நின்னாத்தான் தெரியும்" என்றார். ஆனால், வரமாட்டேன் என்று மறுபடி சொல்லவில்லை.

25 மணி நேர நாட்கள்

கப்பலில் எங்களுக்குப் பிடித்துப்போன முதல் விஷயம் கடிகாரம். இங்கிலாந்துக்கும் நியூயார்க்குக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். விமானத்தில் போனால் அது ஒரே அடியாகத் தலையில் இறங்கும். கப்பலிலோ வழியில் ஐந்து தடவை, தடவைக்கு ஒரு மணி நேரமாகப் பின்னுக்குத் தள்ளி வைக்கிறார்கள். அந்த நாட்களுக்கெல்லாம் 25 மணி நேரம். "வேலைக்குப் போற காலத்துல இது கிடைக்காமப் போச்சே!" என்று அம்மா பெருமூச்சு விட்டாள்.

தினமும் அறைக்கு ஒரு நிகழ்ச்சி நிரல் வந்துவிடும். அன்றைய மாலை என்ன உடை என்பதும் அதிலேயே இருக்கும். முதல் நாள் இரவு எல்லாரும் எளிமையாகத்தான் வந்தார்கள். இது பழைய பழக்கமாம். அந்தக் காலத்துப் பெரிய கப்பல்களில் முதல் இரவு பெட்டிகள் பிரித்திருக்க மாட்டார்கள். கடைசி இரவு பெட்டிகள் கட்டி முடித்திருப்பார்கள். அதனால் அந்த இரண்டு இரவுகளுக்கும் விசேஷ உடை கிடையாது.

மற்ற இரவுகளில் உடை மாற்றாமல் சாப்பிட உட்காருவது, முதல் வகுப்பில் நினைத்துப் பார்க்க முடியாத விஷயமாக இருந்தது. 'டைட்டானிக்' படத்தில் ஜாக், கோட் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு மேல்தள விருந்துக்குப் போவானே, ஞாபகம் வருகிறதா? உடை மாறியதும் அவனை அடையாளமே தெரியாது. அந்தக் கோட் இல்லாவிட்டால் படிக்கட்டோடு திரும்பியிருக்க வேண்டியதுதான். படம் கற்பனை என்றாலும், உடைதான் அன்று வகுப்புகளுக்கு நடுவே இருந்த கதவு என்பது நிஜம்.

கதவருகே நீண்ட கை

கேலா மாலை வந்தது. அம்மா மாம்பழ நிறக் காஞ்சிபுரம் பட்டை எடுத்தாள். அப்பா என் கல்யாணத்துக்குக் கட்டிய மயில்கண் பட்டு வேட்டியும், சந்தன நிற ஜிப்பாவும், அங்கவஸ்திரமும். எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே பச்சை பெல்ட்!

திண்டாடியது என் கணவர்தான். வாடகைக்கு எடுத்த டக்ஸிடோவோடு வந்த 'போ' டை, கட்டிய நிலையில் வருவது இல்லை. நாமே முடிச்சுப் போட வேண்டியது. யூடியூப் பார்த்துப் பத்து நிமிடம் போராடியும் ஷூ லேஸ் மாதிரிதான் வந்தது. லிஃப்ட் வாசலில் எங்களோடு நின்ற வயதான ஆங்கிலேயர் ஒருவர், "அனுமதி உண்டா?" என்று கேட்டு, அரை நிமிடத்தில் அழகாகக் கட்டிவிட்டார்.

பிறகு அப்பாவின் வேட்டியைப் பார்த்து, "உங்களுக்கு யார் கட்டிவிட்டது?" என்றார்.

"அறுபது வருஷமா நானேதான்" என்றார் அப்பா, தன் ஹெட்மாஸ்டர் இங்கிலீஷில்.

அந்தப் பெரியவர் இடுப்பில் மடிப்பு மடிப்பாக ஒரு பட்டுப் பட்டை கட்டியிருந்தார். அதன் பெயர் என்ன என்று அப்பா கேட்க, "கம்மர்பண்ட்" என்றார் அவர். அப்பாவின் முகத்தில் வகுப்பறைச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்கு ஐயா! 'கமர்பந்த்'. பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானிக்கு வந்த வார்த்தை. இடுப்புக் கச்சை என்று அர்த்தம். இந்தியாவுக்கு வந்த உங்கள் ராணுவ அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போனது!"

பெரியவர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார். "ஐம்பது வருடமாகக் கட்டுகிறேன். இன்றுதான் தெரியும்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்போடுதான் உணவகத்தின் வாசலுக்கு வந்தோம். நான் முன்னால், அப்பா பின்னால். கதவருகே சீருடையில் நின்ற இளைஞர், அப்பாவின் முன்னால் கையை நீட்டினார்.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். அங்கவஸ்திரத்தைப் பிடித்திருந்த விரல்கள் இறுகுவதைப் பார்த்தேன். எனக்கும் ஒரு நொடி மூச்சு நின்றுபோனது. மறிக்கிறார்களா? இங்கேயுமா? என்ன பேசவேண்டும் என்று வாய்க்குள் வாக்கியம் தேடினேன்.

அம்மாதான் முதலில் சுதாரித்தாள். "கையை நீட்டுங்க. சோப்புத் தண்ணி ஊத்தறாங்க" என்றாள்.

அந்த இளைஞர் கையில் இருந்தது சானிடைசர் பாட்டில். சாப்பிடப் போகும் எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு சொட்டு. அப்பா உள்ளங்கையை நீட்டினார். "அழகான உடை சார். உங்கள் மேசை இந்தப் பக்கம்" என்று வழி காட்டினார் அவர்.

மேசையில் உட்கார்ந்த பிறகும் அப்பா ரொம்ப நேரம் கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. சூப் வந்ததும், "உப்பு கம்மி" என்றார். அப்போதுதான் எங்களுக்கு நிம்மதி!

சாப்பாட்டுக்குப் பிறகு நடன அரங்கில் நேரடி இசை. கறுப்பு கோட்டுகளுக்கு நடுவே ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் கட்டம் போட்ட கில்ட்டில் வந்திருந்தார். அப்பாவும் அவரும் தூரத்திலிருந்தே ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். பேன்ட் போடாத ஆண்கள் அந்த அரங்கில் அவர்கள் இரண்டு பேர்தான்.

நீங்களும் போகிறீர்களா?

எங்கள் அனுபவத்தில் சில குறிப்புகள். எல்லாக் கப்பல்களிலும் ஒரே விதி கிடையாது. குனார்டு போன்ற பழைய பாணிக் கப்பல்களில்தான் இத்தனை கெடுபிடி. நார்வீஜியன் கப்பல்களில் கட்டாய 'ஃபார்மல்' இரவே இல்லை. சில நிறுவனங்களில் 'வெள்ளை உடை இரவு' மாதிரி வண்ணத்துக்கு ஓர் இரவு வைப்பார்கள். எனவே, பெட்டி கட்டும் முன் உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் உடை விதியைக் கடைசி வரி வரை படியுங்கள். என்னை மாதிரிப் பாதியில் நிறுத்தாதீர்கள்!

பட்டுப்புடவை, வேட்டி, ஷெர்வானி எல்லாம் கேலா இரவுக்குத் தாராளம். புதிதாக கவுன் வாங்கிச் செலவு செய்ய வேண்டியதில்லை. நான் வாங்கினேன்; இரவு முழுக்கக் கால் தடுக்கியதுதான் மிச்சம். இரண்டாவது கேலாவுக்கு அம்மாவின் இன்னொரு பட்டுதான் கைகொடுத்தது.

இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள். தீ அபாயம் என்று பெரும்பாலான கப்பல்களில் வாங்கி வைத்துவிடுவார்கள். நாங்கள் போன கப்பலில் துணி துவைக்கும் அறையிலேயே இஸ்திரி வசதியும் இருந்தது.

வேட்டி கட்டுபவர்கள் ராத்திரியில் திறந்த தளத்துக்குப் போகும்போது ஜாக்கிரதை. அட்லான்டிக் காற்றுக்கு மரியாதை தெரியாது. பெல்ட் அவசியம்!

உடை மாற்றப் பிடிக்கவில்லையா? பட்டினி கிடக்க வேண்டாம். கேலா இரவிலும் பஃபே, பப் போன்ற சில இடங்களுக்கு சாதாரண 'ஸ்மார்ட்' உடையே போதும்.

இந்தக் கடைசிக் குறிப்பை நான் தெரிந்துகொண்டது அப்பாவால்தான். இரண்டாவது கேலா மாலையில் அம்மா பட்டை எடுத்தபோது, அப்பா அசையவில்லை. முழுக்கைச் சட்டையும் பேன்ட்டுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு பக்கென்றது.

"ஏம்ப்பா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. பஃபேல சாதமும் பருப்பும் இருக்குன்னு நிரல்ல போட்டிருக்கான். எனக்கு அது போதும்."

"அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா வந்தீங்களே?"

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அன்னிக்குப் போக முடியும்னு தெரிஞ்சாச்சும்மா. இன்னிக்குப் போகாம இருக்கறது என் இஷ்டம். அன்னிக்கு வேப்பமரத்தடியில நின்னேனே, அது என் இஷ்டம் இல்லை."

சாப்பாடு முடிந்து நாங்கள் மேல்தளத்துக்கு வந்தபோது, அப்பா ஏற்கெனவே அங்கே கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். சுற்றிலும் ஒரே இருட்டு, கடல், காற்று. கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளேயிருந்து இசை வந்து வந்து போனது.

"தாத்தாவுக்கு இந்தச் சத்தம்தானே கீழே கேட்டிருக்கும்?" என்றேன்.

"ஆமா" என்றார் அப்பா. பிறகு, "ஊருக்குப் போனதும் அந்தப் பட்டு வேட்டியை நல்லா அலசிக் காயப்போடச் சொல்லணும். உப்புக்காத்து பட்டிருக்கு" என்றார்.