கிளட்ச் இல்லாத காருக்குள் ஒரு கிளட்ச்

மக்களே, இந்தத் தடவை சினிமாவும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. கியர் பாக்ஸ்! மெக்கானிக்கல் படிக்கிற பையன் என்பதால் வீட்டில் மிக்சி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள் (அது எலக்ட்ரிக்கல் டிபார்ட்மெண்ட் என்று சொன்னால் அம்மாவிடம் எடுபடாது). இப்போது மாமாவின் கார்.

மாமாவுக்கு இடது முழங்கால் தேய்மானம். கிளட்ச் மிதித்தால் உயிர் போகிற வலி. அதற்காகவே பழைய காரைக் கொடுத்துவிட்டு ஒரு ஏ.எம்.டி. கார் வாங்கினார். அது திடீரென்று, "டி"-யில் போட்டால் கியர் விழாமல் நியூட்ரலிலேயே மின்னிக்கொண்டு நிற்க ஆரம்பித்தது. ஒர்க் ஷாப்பில் கிளட்ச் செட், ஆக்சுவேட்டர் எல்லாம் மாற்ற வேண்டும் என்று ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். "வித்துட்டு பஸ்லயே போயிக்கிறேன் மாப்ள" என்றார் மாமா. பிசியோதெரபிக்கு வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அந்த முழங்காலோடு பஸ்ஸில் ஏறி இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

ஏ.எம்.டி. என்பது என்ன? 2014-ல் மாருதி செலேரியோவோடு நம்ம ஊரில் பிரபலமான சமாச்சாரம். இத்தாலியின் மாக்னெட்டி மரெல்லி கம்பெனியின் நுட்பம். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சும் இருக்கிறது. நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு சின்ன பம்ப்பும், வால்வுகளும், ஒரு கம்ப்யூட்டரும் அந்த வேலையைச் செய்கின்றன. இந்த வகைக் கார்கள் சிலவற்றில் டிரைவர் கதவைத் திறந்ததுமே "ஙொய்ங்" என்று ஒரு சத்தம் கேட்கும். அதுதான் பம்ப் பிரஷர் ஏற்றிக்கொள்கிற சத்தம். பேய் இல்லை :-)

பஜாரில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் கொண்டு போனோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. "எப்பெப்ப ஆகுது?" என்று மட்டும் கேட்டார். நிற்கும்போது மட்டும். ஓடும்போது எல்லா கியரும் ஒழுங்காக மாறுகிறது. பிளவக்கல் அணைப் பக்கம் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனபோதும் இழுவை குறையவில்லை. சில சமயம் சாவி போட்டால் ஸ்டார்ட்டும் ஆவதில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். கிளட்ச் தேய்ந்திருந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் உறுமும், வேகம் ஏறாது, கருகிய வாடை வரும். இதில் ஒன்றுகூட இல்லை. நிற்கும்போது கியர் விழவும், வண்டி ஸ்டார்ட் ஆகவும் பொதுவாகத் தேவைப்படுவது எது? பிரேக்கை மிதித்திருக்கிறோம் என்ற சிக்னல். மாமாவை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு அத்தை பின்னால் போய் நின்றார். "எரியுது... எரியலை... எரியுது!" பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் லைட் சுவிட்ச் போயிருந்தது. சில நூறு ரூபாய் சாமான். பின்னால் வருகிறவனுக்கும் பிரேக் லைட் தெரியாமல்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பேட்டரி இறங்கியிருந்தாலும் இதே மாதிரி கூத்து நடக்கும், ஏனென்றால் அந்த பம்ப் கரண்டில் ஓடுவது. அந்த "ஙொய்ங்" அடிக்கடி, ரொம்ப நேரம் கேட்டால் பிரஷர் நிற்கவில்லை, எங்கோ கசிவு இருக்கலாம் என்று சந்தேகப்படலாம். ஆனால் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது தலை லேசாக முன்னால் ஆடுவது ரிப்பேர் இல்லை. அது ஏ.எம்.டி.யின் பிறவிக்குணம். அந்த நொடியில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டால் குறையும்.

டார்க் கன்வெர்ட்டர் வைத்த பழைய பாணி ஆட்டோமேட்டிக் வேறு ஜாதி. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்த ஹைட்ராமேட்டிக் காலத்திலிருந்தே ஆயில்தான் ஹைட்ராலிக் ஆட்டோமேட்டிக்குகளின் ரத்தம். "டி" போட்டும் ரொம்ப நேரம் கழித்து இழுத்தாலோ, கியர் மாறும்போது ஆர்.பி.எம். வீணாக ஏறி இறங்கினாலோ முதலில் ஆயிலைப் பார்க்க வேண்டும். அளவு சரியா, நிறம் கறுத்துவிட்டதா, கருகல் வாடை அடிக்கிறதா. சில வண்டிகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது, லிஃப்ட்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும். சி.வி.டி. என்றால் அதற்கென்று உள்ள ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

ஸ்கேனர் இருக்கிறதே என்பீர்கள். ஆன்லைனில் வாங்குகிற மலிவு ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும். பி0700 என்று வந்தால் "கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்க் கேள்" என்றுதான் அர்த்தம். அதை வைத்துக்கொண்டு கியர் பாக்ஸை இறக்கச் சொன்னால், உள்ளே என்ன கோடு இருந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகிறவர்கள் ஒன்று கவனிக்கவும். தாணிப்பாறை ரோட்டில் வண்டிகள் எறும்பு மாதிரி ஊரும்போது, ஏ.எம்.டி. கார் ஊர்வது கிளட்சை வழுக்கவிட்டுத்தான். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் சூடாகி வாடை வரும். பிரேக்கில் நில்லுங்கள். முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் கிடைத்த பிறகு நகருங்கள். வாடை வந்துவிட்டால் ஓரம் கட்டி நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் ஆறவிடுங்கள்.