முறையீடு முடிக்கப்பட்டது

நம் பங்கின் திருவிழாத் தேர், உச்சியிலுள்ள சிலுவையோடு சேர்த்து ஏறத்தாழ 18 அடி உயரம். ஆலய வளாகத்தை விட்டு வெளியேறிக் கடைத்தெருவுக்குத் திரும்பும் முனையில், தெருவுக்குக் குறுக்கே ஒரு மின்கம்பி செல்கிறது. பல ஆண்டுகளாக அக்கம்பி தொய்ந்தே கிடந்தது. தேர் அம்முனையை அடைந்ததும் பவனி சற்று நிற்கும், செபமாலை நிற்காது. இளைஞர் ஒருவர், நுனியில் கவை கட்டிய மூங்கில் கழியால் கம்பியை உயர்த்திப் பிடிப்பார். தேர் அதனடியில் நுழைந்து அப்பால் செல்லும். மக்கள் கைதட்டுவர். காய்ந்த மூங்கிலில் மின்சாரம் பாயாது என்பது ஊரார் நம்பிக்கை. பனியில் நனைந்த மூங்கில் என்ன செய்யும் என்று எவரும் கேட்டதில்லை. நாமும் கேட்கவில்லை. நான்கு திருவிழாக்களில் இக்காட்சியைக் கண்டோம். கழி பிடித்தவரை மறுநாள் திருப்பலியின் நன்றியறிவிப்பில் பெயர் சொல்லிப் பாராட்டவும் செய்தோம்.

2025 மார்ச் 1 அன்று, குமரி மாவட்டம் இனையம் புத்தன்துறையில் புனித அந்தோணியார் ஆலயத் திருவிழா ஏற்பாட்டின்போது, உயரமான இரும்பு ஏணியொன்று மின்கம்பியில் பட்டு நால்வர் உயிரிழந்தனர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2022 ஏப்ரல் 27 அன்று, தஞ்சைக்கு அருகிலுள்ள களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசிப் பதினொருவர் மாண்டதை நாம் செய்தியாகப் படித்திருந்தோம், அவர்களுக்காகச் செபித்தோம், பிறகு மறந்தோம். இனையத்துச் செய்தி வந்த அன்று நம்மால் அவ்வாறு மறக்க இயலவில்லை. தேர்க்கொட்டகையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த மூங்கில் கழி கண்முன்னே நின்றது.

குருமடத்தில் ஒழுக்கவியல் கற்பித்த பேராசிரியர், அறியாமை இருவகைப்படும் என்பார். ஒருவன் தன்னால் இயன்ற முயற்சியெல்லாம் செய்தும் நீக்க முடியாத அறியாமை ஒன்று; அது அவனைக் குற்றத்தினின்று விடுவிக்கும். முயன்றால் நீங்கியிருக்கும், ஆயினும் முயலாமல் விட்ட அறியாமை மற்றொன்று, அது விடுவிக்காது. விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்திலுள்ள மாட்டுச் சட்டத்தை அவர் இதற்கு எடுத்துக்காட்டுவது வழக்கம். மாடு முட்டி ஒருவன் இறந்தால், அது வழக்கமாக முட்டும் மாடன்று எனில் உரிமையாளன் குற்றமற்றவன். முன்பே முட்டும் மாடு என்று எச்சரிக்கப்பட்டும் கட்டி வைக்காதிருந்தால் அவன் மீது உயிர்ப்பழி. இரு நிலைகளுக்கும் இடையில் நிற்பது ஓர் எச்சரிக்கை மட்டுமே. யாரோ ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்த நாள்களில், இது மின்கம்பிக்கும் பொருந்தும் என்று நாம் எண்ணியதில்லை.

எச்சரிப்பதற்கு இன்று நம் கையிலேயே கருவி உண்டு. கைப்பேசிச் செயலியில் முறையீட்டைப் பதிந்து, கம்பத்தின் படத்தையும் சேர்த்தால் முறையீட்டு எண் வந்துவிடும். நம் பங்கின் இளையோர் குழுவில் பொறியியல் படிக்கும் மகள் ஒருத்தி, "சாமி, பேசிக்கிட்டே இருக்க வேண்டாம், இப்பவே அனுப்பிடலாம்" என்று சொல்லி முனையில் நின்று படமெடுத்தாள். மின் இணைப்பு எண் கேட்கப்பட்டது. தெருக்கம்பிக்கு ஏது இணைப்பு எண்? பங்கு இல்லத்தின் எண்ணையே கொடுத்தோம். மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: முறையீடு முடிக்கப்பட்டது. வெளியே சென்று பார்த்தோம். கம்பி அதே இடத்தில் அதே தொய்வோடு தொங்கிக்கொண்டிருந்தது.

நேர்ந்தது என்னவென்று பின்னர் அறிந்தோம். கம்பியாளர் வந்திருக்கிறார். பங்கு இல்லத்திற்கு மின்னிணைப்பு தரும் கம்பத்தைப் பார்த்திருக்கிறார், அதில் குறையில்லை, முடித்துவிட்டார். "எனக்கு வந்த சீட்டுல உங்க வீட்டு நம்பர்தான் சாமி இருந்துச்சு. நேரத்துக்குள்ள முடிக்கலைன்னா எங்களைத்தான் கேப்பாங்க" என்றார் அவர். அவரிடம் நமக்குக் கோபம் எழவில்லை. கம்பத்தில் ஏறி உயிரை அடகு வைத்து வேலை செய்பவர் அவர். நம்மை உறுத்தியது அந்த ஒற்றைச் சொல்தான். முடிந்தது என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

செயலியை மின் நிறுவனமே ஆக்கி, மின் நிறுவனமே படத்தைப் பெற்று, மின் நிறுவனமே முடித்தும் விடுமானால், எச்சரித்தவன் கையில் எஞ்சுவது குறுஞ்செய்தி ஒன்றே. ஆகவே இச்செயலியை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு நிறுவனத்திற்கு வெளியே இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. அதற்குப் புதிதாக ஓர் அமைப்பைத் தேட வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் மாநில ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு, வழங்கல் நிறுவனங்களின் பணித்தரத்தை வரையறுக்கவும், தவறினால் இழப்பீடு விதிக்கவும் அதிகாரம் தந்துள்ளது. தமிழ்நாட்டில் 2004 முதலே அத்தகைய பணித்தர விதிமுறைகள் உள்ளன. விளக்கு எரியாத வீட்டுக்கு எத்தனை மணி நேரத்தில் மின்சாரம் திரும்ப வேண்டும் என்று விதியில் எழுத முடிந்தவர்களால், குழந்தைகள் நடக்கும் வழியில் தொங்கும் கம்பிக்கும் ஒரு கெடுவை எழுத முடியும். விளக்கின்றி ஓர் இரவைக் கழித்துவிடலாம்.

அவ்விதியில் என்ன இருக்க வேண்டும்? இடத்தைக் கொண்டு முறையிட வழி வேண்டும். இணைப்பு எண் இல்லாதவரும் முறையிட முடிதல் வேண்டும். படம் அழிக்கப்படாமல் பாதுகாக்கப்படல் வேண்டும். சரிசெய்த பின் எடுத்த படமின்றி எந்த ஆபத்து முறையீடும் முடிக்கப்படலாகாது. முறையிட்டவர் மறுத்தால் அது மேலதிகாரியிடம் செல்ல வேண்டும். இவற்றுள் மிக இன்றியமையாதது இக்கடைசிக் கூறே என்று எண்ணுகிறோம். கம்பியாளரைக் கெடுவால் மட்டும் விரட்டினால், அவர் வேலையை முடிப்பதற்கு மாறாகச் சீட்டை முடிப்பார். நாமும் ஆண்டிறுதியில் ஆயர் இல்லத்துக்கு அனுப்பும் பங்கு அறிக்கைகளில் அப்படிச் செய்ததுண்டு.

நீதிமன்றங்கள் இவ்வழியில் நெடுந்தொலைவு சென்றுள்ளன. மத்தியப் பிரதேசத்தில் 1997-இல், மழையிரவில் மிதிவண்டியில் வீடு திரும்பிய தொழிலாளி ஒருவர், நீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த கம்பியின் மேல் வண்டியை ஓட்டி, மின்சாரம் தாக்கி இறந்தார். மின்சாரம் திருட எவரோ போட்ட கம்பி அது, தங்கள் குற்றமன்று என வாரியம் வாதிட்டது. 2002-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இத்துணை ஆபத்தான பொருளை எடுத்துச் செல்பவர், கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், விளையும் தீங்குக்குப் பொறுப்பாவர் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் இழப்பீடு கைம்பெண்ணுக்கே வந்து சேர்கிறது. எச்சரிக்கையோ அவள் கணவன் உயிரோடிருக்கும்போதே வர வேண்டியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளில், நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்போர் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல்.

செயலியின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைப்பதும் தகாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2018 நவம்பரில் பாரடைஸ் என்னும் ஊர் எரிந்து 85 பேர் மாண்டனர். ஏறக்குறைய நூறாண்டு பழமையான மின்தடம் ஒன்றின் கோபுரத்தில் கொக்கி தேய்ந்து அறுந்ததே அத்தீயின் தொடக்கம். மின் நிறுவனம் 2020-இல் 84 உயிர்களின் பொருட்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மின்கம்பங்களின் குறைகளை மக்களே படமெடுத்து அனுப்பும் செயலி ஒன்றையும் அந்நிறுவனம் பின்னாளில் வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் மலைப்பள்ளத்தாக்கில், கோபுர உச்சியில் தேய்ந்துகொண்டிருந்த அக்கொக்கியை எந்த வழிப்போக்கன் படமெடுத்திருக்க முடியும்? மக்கள் அனுப்பும் படங்கள் நிறுவனம் தானே செய்ய வேண்டிய ஆய்வுக்கு ஈடாகா என்பதும் விதியாக எழுதப்படல் வேண்டும். "யாரும் முறையிடவில்லையே" என்னும் சாக்கு நாளை எழக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. நம் பங்கில் கீரை விற்கும் மூதாட்டி ஒருவர் வீட்டுக் கூரைக்கு மேலே கையெட்டும் உயரத்தில் கம்பி செல்கிறது. தாழ்வழுத்தக் கம்பியேயாயினும் கூரைக்கு மேல் 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறை. முறையிடலாம் என்றால் அவர் கையெடுத்துக் கும்பிடுகிறார். "வேண்டாம் சாமி. கம்பி முன்னாடியா வீடு முன்னாடியான்னு கேட்டு, என் வீட்டை இடிச்சுருவாங்க." அவரிடம் கைப்பேசியும் இல்லை. ஆபத்தைச் சொன்னவர் மீதே அம்முறையீடு சான்றாகத் திரும்பாது என்ற உறுதி தரப்படாதவரை, மிகவும் தாழ்ந்த கம்பிகள் யார் வீட்டின் மேல் உள்ளனவோ அவர்களிடமிருந்து படம் வாராது.

தேர்முனைக் கம்பியைப் பற்றி இரண்டாம் முறை எழுத்து வடிவில் மனு கொடுத்தோம். தெருவைக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டர், அதாவது 19 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்ற விதியையும், கம்பி 17 அடிக்கு மேல் இராது என்பதையும் குறிப்பிட்டிருந்தோம். திருவிழாவுக்குள் வேலை நடைபெறவில்லை. அவ்வாண்டு தேரின் மேல்தட்டைக் கழற்றினோம். பவனி நேரத்தில் அத்தெருவில் மின்சாரத்தை நிறுத்தித் தந்தார்கள். தேர் குட்டையாகிவிட்டது என்று பெரியவர்கள் சிலர் நம்மோடு இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. கழி பிடிக்கும் இளைஞர் என்ன செய்வதென்று அறியாமல் தேரின் பின்னே வெறுங்கையோடு நடந்து வந்தார். இரண்டு மாதங்களுக்குப் பின் நடுவில் ஒரு புதிய கம்பம் ஊன்றிக் கம்பியை இழுத்துக் கட்டினார்கள்.

இப்பொழுது பங்கு அறிவிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மகள் ஒரு பட்டியல் எழுதி வருகிறாள்: முறையீட்டு எண், இடம், நாள், நேரில் சென்று பார்த்தவர் கையொப்பம். ஞாயிறு திருப்பலிக்குப் பின், திருமண அறிவிப்புகளுக்கு அடுத்தபடியாக நாம் அதை வாசிக்கிறோம். சென்ற ஞாயிறு மூன்று எண்கள் இருந்தன. பள்ளிக்கூடத்து மின்மாற்றியின் வேலிக் கதவு பூட்டப்பட்டுவிட்டது. குளத்தங்கரைக் கம்பத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவதற்கு முடிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. கையொப்பம் இடும் கட்டம் மட்டும் இன்னும் வெறுமையாக உள்ளது.