அரிமா நோக்குக்கு ஒரு பலகை

கூடிப் பேசுவதில் இரு வகை உண்டு. இனிச் செய்ய வேண்டியதைக் குறித்து மனத்தில் தோன்றுவதையெல்லாம் கொட்டுவது ஒன்று. செய்து முடித்ததைத் திரும்பிப் பார்த்து நிறைகுறைகளை ஆய்வது மற்றொன்று. மென்பொருள் துறையினர் முன்னதை 'பிரெய்ன்ஸ்டார்மிங்' என்றும் பின்னதை 'ரெட்ராஸ்பெக்டிவ்' என்றும் வழங்குகின்றனர். தமிழ் படித்த எங்களுக்கு இரண்டும் சேர்ந்து, நன்னூல் கூறும் அரிமா நோக்காகவே தோன்றுகிறது. நடக்கும் சிங்கம் முன்னும் பார்க்கும், பின்னும் பார்க்கும்.

மங்கலம்பேட்டையை மையமாகக் கொண்ட எங்கள் வாசகர் வட்டம், முந்திரிக்கொல்லையிலும் கரும்புக் கழனியிலும் புழங்கும் சொற்களைத் திரட்டி வருகிறது. கண்மணி குணசேகரனின் 'நடுநாட்டுச் சொல்லகராதி' எங்களுக்கு முன்னோடி. உறுப்பினர் ஒன்பதின்மர்: விருத்தாசலத்தில் மூவர், சிதம்பரத்தில் இருவர், சிங்கப்பூரில் ஒருவர், எஞ்சியோர் இவ்வூரார். எல்லாரும் ஓரிடத்தில் கூடுவது அரிது. ஆகவே இணையத்தில் கட்டணமில்லாத எழுதுபலகை ஒன்றைத் தேர வேண்டியதாயிற்று. அதில் நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல்கள் பிறருக்கும் பயன்படலாம்.

முதலாவது, பெயர் சொல்லாமல் எழுத இயல வேண்டும். எண்ணங்களைக் கொட்டும் முறையை 1953இல் தம் நூலின் வழியே பரப்பிய அமெரிக்க விளம்பரத் துறையாளர் அலெக்ஸ் ஆஸ்பர்ன், எண்ணம் பிறக்கும் வேளையில் குறை கூறலாகாது என்று விதி வகுத்தார். ஆயினும் 1987இல் டீல், ஸ்ட்ரோப என்னும் உளவியலாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு, கூடிப் பேசும் குழுவைவிட, அதே எண்ணிக்கையினர் தனித்தனியே சிந்திக்கும்போதுதான் எண்ணங்கள் மிகுகின்றன என்று காட்டியது. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதே பெருங்காரணம்.

எங்கள் காணொளிக் கூட்டங்களிலும் ஆசிரியர்களின் குரலே ஓங்கி ஒலிக்கும். முந்திரி உடைக்கும் குடும்பத்திலிருந்து வந்த மாணவியிடம் "நீ சொல்லும்மா" என்றால், "நீங்க பேசுங்க சார், நான் கேக்கறேன்" என்பார். ஆகவே முதற் பத்து நிமிடம் எவரும் பேசாமல், பெயரிடாமல் எழுதுவது என்று வகுத்தோம். அன்று பலகையில் ஒரு வரி வந்தது: "சொல்லுக்குப் பொருள் எழுதுகிறோம், அதைச் சொன்ன பாட்டியின் பெயரை எங்கே எழுதுவது?" எழுதியவர் யாரென்று எவரும் வினவவில்லை. இப்போது எங்கள் தொகுப்பில், சொன்னவரின் இசைவு பெற்று, ஒவ்வொரு சொல்லின் கீழும் அவர் பெயர் இடம்பெறுகிறது.

இரண்டாவது, விலை குறைந்த கைபேசியிலும் தமிழ் தட்டச்சு தடையின்றி நடக்க வேண்டும். வண்ண ஒட்டுச்சீட்டும் அம்புக்குறியும் கண்ணுக்கு இனியவை. ஆனால் அலைவரிசை மெலிந்த ஊரில் பக்கம் திறக்கவே நேரமானால், பின்தங்குபவர் அந்த மாணவியாகவே இருப்பார்.

மூன்றாவதே தலையாயது: எழுதியதை எடுத்துக்கொண்டு வெளியேற வழி வேண்டும். தமிழ் இலக்கிய விவாதங்கள் பல நடந்த யாகூ குழுமங்கள், 2019 டிசம்பரில் பழைய மடல்களை இழந்து, 2020 டிசம்பர் 15இல் மூடப்பட்டன. கூகுளின் ஜாம்போர்டு என்னும் இலவசப் பலகை 2024 இறுதியில் நிறுத்தப்பட்டது. சிதம்பரத்தை அடுத்து வாழும் எங்களுக்கு இது புதிய செய்தியன்று. தில்லைக் கோயிலில் பூட்டிய அறைக்குள் தேவார ஏடுகளைக் கறையான் அரித்த வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. திறவுகோல் பிறர் கையில் இருந்தால், ஏடு நம்முடையதாயினும் பயனில்லை. மாறாக, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் எவரும் தரவிறக்கிக்கொள்ளும் எளிய கோப்புகளாக இருந்தன. எழுத்துமுறை டிஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறியபோதும் அவை நிலைத்தன.

இம்மூன்றையும் கருதி ஈதர்பேடைத் தேர்ந்தோம். 2008இல் தோன்றிய இதனை 2009இல் கூகுள் வாங்கியது. அவ்வாண்டே அதன் மூலநிரல் பொதுவில் வைக்கப்பட்டது. எனவே இன்றும் பலர் அதைத் தம் தளங்களில் இலவசமாக நடத்துகின்றனர். பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். நிறம் மட்டுமே வேறுபடும். வெறும் எழுத்துக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பக்கம் வளர்ந்த விதத்தைத் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்க்கவும் முடியும். திரும்பிப் பார்க்கும் கூட்டத்திற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குறைகளும் உண்டு. முகவரி அறிந்த எவரும் உள்ளே வரலாம். சில தளங்கள் குறித்த காலத்துக்குப் பின் பக்கத்தை அழித்துவிடும். ஆகவே மறைபொருள் எதையும் அதில் எழுதுவதில்லை. கூட்டம் முடிந்ததும் கோப்பை இறக்கி, மூவர் மூன்று இடங்களில் சேமிக்கின்றனர்.

பின்னோக்கும் கூட்டத்தில் மூன்றே வினாக்கள்: எது நன்கு நடந்தது? எது தடுத்தது? அடுத்த திங்கள் எதை மாற்றலாம்? 2001இல் இத்தகைய கூட்டங்களுக்கென நூல் எழுதிய நார்மன் கெர்த், அன்றைய நிலையில் அறிந்ததைக் கொண்டு ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற அளவு நன்கு செய்தனர் என்று நம்பியே தொடங்க வேண்டும் என்கிறார். அந்த நம்பிக்கையை எந்தக் கருவியும் தந்துவிடாது. அதைக் கூடுவோரே கொண்டுவர வேண்டும்.

நண்பர்கள் வேறு கருவியை நாடினும் நன்றே. பதிவு செய்யும் முன், அதிலிருந்து தரவிறக்கும் வழி எங்கே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.