புதுப்பேட்டையில் பிரேக் பம்ப் தேடி

"ஏபிஎஸ் பம்ப் போய்விட்டது என்கிறார்கள் சார். புதிது வாங்கினால் காரின் இன்றைய மதிப்பில் கால்வாசி அதற்கே போய்விடும். பழைய ஒரிஜினல் கிடைத்தால் போடலாமா?"

மதுராந்தகம் பக்கத்தில் நெல் பயிரிடும் விவசாயி ஒருவர் கேட்ட கேள்வி இது. விதை மூட்டையில் அட்டையைப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்று அவரிடம் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். அந்த உரிமையில் காருக்கும் என்னையே கேட்டுவிட்டார். இரண்டாம் கையாக வாங்கிய சிறிய கார். பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும், வயதான தாயார் மருத்துவமனைக்குப் போவதும் அதில்தான். போகும் வழி ஏரிக்கரைச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். அறுவடைக் காலத்தில் அந்தச் சாலையில்தான் பாதி ஊரும் நெல் காயப்போடும்.

காய்ந்த நெல் மேல் வேகமாக வந்து பிரேக்கை அழுத்தினால் என்ன ஆகும் என்று கிராமத்தில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். சக்கரம் சுழலாமல் நின்றுவிடும், வண்டி வழுக்கிக்கொண்டே போகும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கேட்காது. அந்த நேரத்தில் சக்கரம் இறுகிவிடாமல் பிரேக்கை ஒரு நொடிக்குள் பலமுறை விட்டு விட்டுப் பிடிப்பதுதான் ஏபிஎஸ். உதிரி மணல், ஜல்லி, தானியம் கிடக்கும் இடத்தில் ஏபிஎஸ் உள்ள வண்டி நிற்பதற்குச் சற்று கூடுதல் தூரம் பிடிக்கலாம். ஆனால் ஸ்டீயரிங் நம் கையில் இருக்கும். ஏரிக்கரையில் அதுதான் முக்கியம்.

1978-இல் போஷ் நிறுவனம் இதைப் பென்ஸ் எஸ் கிளாஸ் கார்களில் கொண்டுவந்தது. நம் நாட்டில் புதிய மாடல் கார்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும் கட்டாயமானது. ஏபிஎஸ் உள்ள கார்கள் இரண்டாம் கையாகக் கிராமங்களுக்கு வந்து சேரும் காலம் இது. ஆகவே இந்தக் கேள்வி இன்னும் பலருக்கு வரும்.

முதலில் எலியைச் சந்தேகப்படுங்கள்

டேஷ்போர்டில் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிந்ததும் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. ஒவ்வொரு சக்கரத்திலும் அதன் வேகத்தைச் சொல்லும் சென்சார் ஒன்று உண்டு. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும் காரில் எலி அதன் வயரைக் கடித்து வைக்கும். சேற்று வயலுக்குப் போய்வரும் வண்டியில் சென்சார் முனையில் சேறு அப்பிக்கொள்ளும். பேட்டரி பலவீனமானாலும், ஃபியூஸ் போனாலும் அதே விளக்குதான் எரியும். எனவே ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் பம்ப்பைக் கழற்ற அனுமதிக்காதீர்கள்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் மட்டும் இருக்காது. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிலைமை வேறு. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் நின்றிருக்கலாம். அப்போது வண்டியை ஓட்டக் கூடாது.

நண்பரின் காரில் நான்கு சென்சார்களும் நன்றாக இருந்தன. ஃபியூஸ், வயர், பேட்டரி எல்லாம் சரி. பம்ப்பின் மோட்டார் சுற்றவில்லை. அதை ஸ்கேனர் காட்டியது, மெக்கானிக் நேரடியாகக் கரண்ட் கொடுத்தும் பார்த்தார். அதன் பிறகுதான் புறப்பட்டோம்.

எழும்பூரிலிருந்து நடந்தால்

செங்கல்பட்டில் மின்சார ரயில் பிடித்தால் நேராக எழும்பூர். காந்தி இர்வின் சாலைப் பக்கம் வெளியே வந்து கூவத்தை நோக்கி நடந்தால் புதுப்பேட்டை. ஆற்றுக்கு அக்கரையில் சிந்தாதிரிப்பேட்டை. நெசவாளர்களைக் குடியமர்த்த 1734-இல் உண்டான ஊர் அது. 'சின்னத் தறிப்பேட்டை' என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். அக்கரை தறியால் உண்டானது. இக்கரை பிரித்துப்போட்ட வண்டிகளால் பிழைக்கிறது.

தெருவில் நுழைந்ததும் எரிந்த ஆயில் வாசனை. தரை கறுத்து வழவழப்பாக இருக்கிறது. கதவுகள் வாழைத்தார் மண்டியில் தார்களை நிறுத்தியதுபோல வரிசையாக நிற்கின்றன. ஹெட்லைட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. உற்றுப் பார்த்தால் இதில் ஓர் ஒழுங்கு தெரியும். ஒரு கடையில் கியர்பாக்ஸ் மட்டும், அடுத்ததில் கண்ணாடி மட்டும், இன்னொன்றில் ஸ்டீயரிங் சாமான் மட்டும். எதிர்க் கடையில் என்ன இருக்கிறது என்பது இந்தக் கடைக்காரருக்குத் தெரியும். "நம்மகிட்ட இல்ல சார், மூணாவது கடையில கேளுங்க" என்று கையைக் காட்டி அனுப்புகிறார்கள்.

இங்கே வரும் பாகங்கள் பெரும்பாலும் விபத்தில் அடிபட்ட, அல்லது வயதாகி ஓய்ந்த கார்களிலிருந்து வருபவை. பின்பக்கம் இடிபட்டு நொறுங்கிய காரில் எஞ்சின் அறையில் இருக்கும் ஏபிஎஸ் பம்ப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் சென்னை 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையையும் பார்த்த ஊர். தண்ணீரில் மூழ்கிய கார்களும் எங்கோ பிரிக்கப்பட்டுத்தானே இருக்கும்? பம்ப்போடு ஒட்டியிருக்கும் எலக்ட்ரானிக் பெட்டிக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்திருந்தால், இன்று வேலை செய்வது ஆறு மாதத்தில் நிற்கலாம்.

மூன்று கடைகள்

பழைய பம்ப்பின் லேபிளை மெக்கானிக் போனில் படம் எடுத்துக் கொடுத்திருந்தார். முதல் கடையில் அதே உருவத்தில் ஒன்று இருந்தது. விலை மிகக் குறைவு. குழாய் மாட்டும் ஆறு துளைகளும் திறந்து கிடந்தன, உள்ளே தூசி. இந்தப் பம்ப்புக்குள் இருக்கும் வால்வுகள் மிக நுண்ணியவை. சொட்டுநீர்க் குழாயில் ஒரு மணல் துகள் போனால் சொட்டுவான் அடைத்துக்கொள்வது நமக்குத் தெரியும். இங்கே அடைத்தால் ஒரு சக்கரத்துக்குப் பிரேக் கிடைக்காது. "துடைச்சுட்டுப் போட்டா ஓடும்ணே" என்றார் கடைக்காரர். நண்பருக்கு விலையில் மனம் இழுத்தது. நான் நகர்ந்துவிட்டேன், அவரும் வந்தார்.

இரண்டாவது கடையில் துளைகள் மூடியிருந்தன. ஆனால் லேபிளில் இரண்டு எண்களில் ஒன்று மாறியிருந்தது. அலுமினியப் பகுதியின் எண் ஒன்றேதான், எலக்ட்ரானிக் பெட்டியின் எண் வேறு. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே இருக்கும் மென்பொருள் வேறு காரின் எடைக்கும் சக்கர அளவுக்கும் எழுதப்பட்டதாக இருக்கலாம். பிளக் பொருந்துகிறது என்பதற்காக வாங்கக் கூடாது. பெரிய நெல் ரகமும் பெரிய நெல் ரகமும் மூட்டைக்குள் ஒன்றுபோலத்தான் தெரியும். வயலில்தான் வேறுபாடு தெரியும்.

மூன்றாவது கடைக்காரரிடம் "பாய், எந்த வண்டியில இருந்து எடுத்தது?" என்று கேட்டேன். பின்பக்கம் அடிபட்ட கார் என்று சொல்லி, அதன் படத்தைப் போனில் காட்டினார். இரண்டு எண்களும் எழுத்துக்கு எழுத்து பொருந்தின. துளைகளில் ரப்பர் மூடி, உள்ளே பழைய ஆயிலின் ஈரம். எலக்ட்ரானிக் பிளக்கைத் திறந்து பார்த்தோம். பித்தளை முள்கள் பளிச்சென்று இருந்தன. பச்சைக் களிம்போ சேற்றுக் கோடோ இல்லை. மோட்டாருக்கு பேட்டரி கொடுத்ததும் ஒரே சீரான சத்தம். சேஸிஸ் எண் எழுதிய பில், பொருந்தாவிட்டால் ஒரு வாரத்தில் திருப்பி எடுத்துக்கொள்வதாக அதிலேயே கையெழுத்து. முதல் கடையைவிட விலை இரு மடங்கு. புதியதைப் பார்த்தால் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. வாங்கினோம்.

வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். அட்டையில் ரகம், குவியல் எண், பரிசோதித்த நாள் எல்லாம் இருக்கும். விதை நன்றாக முளைக்கும் என்று நம்புவது அந்த அட்டையை வைத்துத்தான். பழைய பாகத்துக்கு அப்படி அட்டை கிடையாது. லேபிள் எண், எடுத்த வண்டி, மூடிய துளை, பில் ஆகிய நான்கையும் சேர்த்து அட்டையை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்று குறைந்தாலும் கடையை மாற்றலாம். பில் இல்லாத பாகம் திருட்டு வண்டியுடையதாகவும் இருக்கக்கூடும். 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையங்கள் இப்போது வந்துள்ளன. அவற்றிலிருந்து வந்த பாகம் என்றால் அதற்கான பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும் இடத்தில்

பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இரண்டு குழாய், சக்கரங்களுக்கு நான்கு. எது எங்கே என்று கழற்றுவதற்கு முன்பே டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழாய் நட்டுகளுக்கென்று தனி ஸ்பேனர் உண்டு. சாதாரண ஸ்பேனரில் திருகினால் முனை மழுங்கிவிடும்.

இந்த வேலையில் கோட்டை விடும் இடம் காற்று எடுப்பது. மோட்டார் பம்ப்பில் காற்று பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஏறாது. பிரேக்கிலும் அப்படித்தான், பெடல் பஞ்சுபோல அமுங்கும். நான்கு சக்கரத்திலும் வழக்கம்போல ஆயில் விட்டுக் காற்றை எடுத்தாலும், ஏபிஎஸ் வால்வுகளுக்கு உள்ளே காற்று தங்கலாம். ஸ்கேனர் மூலம் பம்ப்பையும் வால்வுகளையும் இயக்கித்தான் அதை வெளியேற்ற முடியும். சில கார்களில் எலக்ட்ரானிக் பெட்டிக்கு அந்தக் காரின் விவரங்களையும் எழுத வேண்டியிருக்கும். "இரண்டையும் செய்ய ஸ்கேனர் இருக்கிறதா?" என்று பம்ப் வாங்குவதற்கு முன்பே ஒர்க்ஷாப்பில் கேட்டுவிடுங்கள்.

பிரேக் ஆயில் புதிதாக, மூடி உடைக்காத டப்பாவில் வாங்க வேண்டும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் தாங்கும் அளவு 155 டிகிரி வரை இறங்கலாம். அந்த ஈரமே பம்ப்பின் உள்பகுதியை அரிக்கவும் செய்யும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது பம்ப்புக்கு நாம் கொடுக்கும் ஆயுள்.

வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஏபிஎஸ் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதையும் சந்தேகப்படுங்கள், விளக்கைப் பிடுங்கிவிட்டுக் காரை விற்பவர்களும் உண்டு. பிறகு ஆளில்லாத மண் மைதானத்தில் மெதுவான வேகத்தில் ஓட்டி, சட்டென்று அழுத்த வேண்டும். காலுக்கடியில் பெடல் தடதடவென்று துடித்தால் ஏபிஎஸ் உயிரோடு இருக்கிறது. நண்பர் கதிரடிக்கும் களத்தில் ஓட்டிப் பார்த்தார். துடித்தது.

பழையதாக வாங்கக் கூடாதவை

புதுப்பேட்டை போனோம், எல்லாம் மலிவு என்று மற்றதையும் அள்ளிவரக் கூடாது. பிரேக் பேட், ரப்பர் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் இவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். இவை தேய்பவை, அல்லது ரப்பர் வாசர்களை நம்பியவை. வெளியில் பார்த்து ஆயுளைச் சொல்ல முடியாது, விலையும் எட்டக்கூடியதுதான். சாலை நிலைத்தன்மைக்கு ஈஎஸ்பி வசதியும் சேர்ந்த கார் என்றால் பம்ப்போடு வேறு சென்சார்களையும் சரிப்படுத்த வேண்டும். அதை அந்தக் கம்பெனி கார்களைத் தினமும் பார்க்கும் இடத்தில் கொடுப்பதே நல்லது.

சென்னைக்கு ரயில் ஏறுவதற்கு முன் மூன்று வேலை. ஸ்கேனர் காட்டியதை எழுதி வாங்குங்கள். பழைய பம்ப்பின் லேபிளை எழுத்து தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். ஆர்.சி. நகலைப் பையில் வையுங்கள். லேபிள் படிக்க முடியாமல் அழிந்திருந்தால், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து டீலரின் உதிரிபாகப் பிரிவில் சரியான பார்ட் எண்ணைக் கேட்டுக்கொண்டு அதன் பிறகு புறப்படுங்கள்.